உப்பும் மணலும் தாங்கும் ட்ரெயில் வண்டி: ஜெபலா, செரோவா, எக்ஸ்.ஆரா, எக்ஸ்பல்ஸா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர், மணலிலும் கிரவலிலும் ஓடக்கூடிய ட்ரெயில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், ஆலோசனை சொல்ல வருபவர்கள் எல்லோரும் எஞ்சினின் கொள்ளளவையும் வேகத்தையுமே பேசுவார்கள். எங்கள் மண்ணில் அவை இரண்டும் பின்வரிசைக்குரியவை. இங்கே மலை இல்லை, ஏற்றம் இல்லை. ஆறு என்று சொல்ல மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் இருக்கிறது. இங்கே வண்டியைத் தின்பவை மூன்று: கடல்நீரேரியின் உப்பு, வடமராட்சி கிழக்கின் மணல், சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்று நீர். இந்த மூன்றையும் தாங்கி, பத்து வருடம் கழித்தும் கொடிகாமத்திலோ நெல்லியடியிலோ உள்ள ஒரு கராஜில் திறந்து பூட்டக்கூடிய எஞ்சின் எது என்பதே கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றால் குளிரும், நான்கடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினும் ஒற்றைச் சிலிண்டரும் கொண்ட, 200 சி.சி. அளவிலான, பாரம் குறைந்த வண்டி. பெயர் சொல்லச் சொன்னால் சுசுகி ஜெபல் 200. சிலருக்கு அது பொருந்தாது. யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது வேலைக்காக வண்டி தேடுபவர்களை. மருதங்கேணிப் பக்கம் பட்டிகளைப் பார்க்கப் போகும் கால்நடை வைத்தியர், நாகர்கோவில், வெற்றிலைக்கேணிக் கரைகளுக்குப் போய்வரும் கடற்றொழில் உத்தியோகத்தர், பூநகரியில் வயல் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் குடியிருப்பவர், துணுக்காய், மல்லாவிக் கிரவல் வீதிகளில் வாரம் முழுவதும் திரியும் நில அளவையாளர். மணற்காட்டின் மணல் மேடுகளில் ஏறி விளையாட வண்டி தேடுகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. அந்த மேடுகளை அடம்பன் கொடிதான் பிடித்து வைத்திருக்கிறது. சில்லு அதை அறுத்துவிட்டால் மணல் ஊருக்குள் வரும். சுண்டிக்குளமோ 2015 முதல் தேசியப் பூங்கா.

ஏன் நான்கடிப்பு எஞ்சின்? ஹொண்டா சி.ஆர்.எம். 250, யமஹா டி.டி. வரிசை போன்ற ஈரடிப்பு வண்டிகளும் ஜப்பானிலிருந்து பழசாக வந்து இங்கே ஓடுகின்றன. அவை பாரம் குறைந்தவை, சீறிப் பாயக்கூடியவை. ஆனால் பெற்றோலோடு ஒயிலையும் எரிப்பவை. மெதுவான ஓட்டத்தில் அவற்றில் இழுவை குறைவு. மணலிலும் சேற்றிலும் நமக்கு வேண்டியது அந்த மெதுவான ஓட்டத்து இழுவைதான். சில்லு சுற்றிச் சுற்றிப் புதையாமல், இரண்டாம் கியரில் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதை நான்கடிப்பு எஞ்சின் இயல்பாகவே செய்கிறது.

இன்னொரு காரணம் எங்கள் அனுபவத்திலேயே இருக்கிறது. தொண்ணூறுகளின் முதற்பாதியில், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பிளக் கரி பிடித்தது, எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை மெலிய வைத்தது, ஆனாலும் ஓடின. சி 90 போன்ற எளிய ஹொண்டா எஞ்சின்கள் மீது எங்கள் முந்திய தலைமுறைக்கு இன்றும் இருக்கும் நம்பிக்கை அந்தக் காலத்தில் வேரூன்றியது. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றருக்கு 30 கிலோமீற்றர் என்று எடுத்தால் 120 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சி கிழக்குக்குப் போய்வருகிற ஒருவருக்கு அது இரண்டொரு நாளுக்கே போதாது. அந்த மாதங்களை மறக்காத எவரும் எரிபொருள் சிக்கனத்தை அற்பமாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி, காற்றால் குளிர்வதா, நீரால் குளிர்வதா? கவசாகி கே.எல்.எக்ஸ். 250, 2012-இல் வந்த ஹொண்டா சி.ஆர்.எஃப். 250எல் ஆகியவை ரேடியேட்டர் வைத்த வண்டிகள். நல்ல எஞ்சின்கள்தான், வேகமான வீதியில் அமைதியாக ஓடும். ஆனால் எங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரேடியேட்டரில் நீர் குறைந்துவிட்டது என்று வழியில் ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளி ஊற்றினால், அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியும் ஏறும். தீவகத்திலும் கரையோரங்களிலும் அந்த நீர் உவராகவும் இருக்கும். கூலன்ற் திரவத்தைத் தவிர வேறெதையும் ஒருபோதும் ஊற்றமாட்டேன், குழாய்களையும் நீர்ப்பம்பின் சீலையும் காலத்துக்குக் காலம் மாற்றுவேன் என்று உறுதியாக இருப்பவர் இவற்றை வாங்கலாம். வேலைக்கு ஓடும் வண்டியில் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? ஒரு பாகம் குறைந்தால் ஒரு பழுது குறையும் என்பதால் நான் காற்றால் குளிரும் எஞ்சினின் பக்கம்.

போட்டிக்கென்று செய்யப்பட்ட யமஹா டபிள்யூ.ஆர். 250எஃப், ஹொண்டா சி.ஆர்.எஃப். 250ஆர் போன்றவற்றைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அவற்றின் பராமரிப்பை கிலோமீற்றரில் அல்ல, ஓடிய மணித்தியாலங்களில் கணக்கிடுகிறார்கள். வேலைக்கு ஓடும் வண்டியாக அவற்றை நினைக்கவே வேண்டாம்.

மிஞ்சும் தெரிவுகள் நான்கு.

ஜெபல் 200-இன் எஞ்சின் 199 சி.சி., இரண்டே வால்வுகள், அவற்றைத் திறந்து மூட மேலே ஒற்றைக் கம் தண்டு. வால்வு இடைவெளியைத் திருகியும் பூட்டு நட்டும் கொண்டு சரிசெய்யலாம். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ஸ்பனரும் போதும், எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. பெற்றோல் தாங்கி 13 லீற்றர் பிடிக்கும். லீற்றருக்கு 30 கிலோமீற்றர் என்றாலும் ஒருமுறை நிரப்பினால் 390 கிலோமீற்றர் ஓடலாம். வடமராட்சி கிழக்கின் தெற்குப் பகுதியிலும் வன்னியின் உள் வீதிகளிலும் பெற்றோல் நிலையம் கண்ணில் படாத தூரங்கள் உண்டு என்பதால் இது பெரிய ஆறுதல். முன்பக்கத்துப் பெரிய வட்ட விளக்கும் அதைச் சுற்றிய கம்பியும் அழகுக்கு வைத்தவை அல்ல. இருட்டில், வீதியின் நடுவே படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளை நேரத்தோடு கண்டு பிறேக் பிடிக்க அந்த வெளிச்சம் வேண்டும். இருக்கை 810 மில்லிமீற்றர் உயரம்தான். இதே எஞ்சின் குடும்பம் சுசுகியின் டி.ஆர். 200, வான்வான் 200 ஆகியவற்றிலும் நெடுங்காலம் ஓடியதால் பிஸ்டன், ரிங், காஸ்கெற் என்று தேடும்போது கை வெறுமையாகத் திரும்புவது குறைவு.

குறையும் உண்டு. அதன் சொக் அப்சோபர்கள் மென்மையானவை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, குழி விழுந்த கிரவல் வீதியில் 60-இல் போனால் அடி வாங்கும். ஆறடி உயரமானவருக்கு முழங்கால் மடிந்து இடுப்பு நோகும்.

யமஹா செரோ 1985-இல் ஜப்பானில் அறிமுகமானது. முதலில் 225 என்ற பெயரில் 223 சி.சி., 2005 முதல் 250. 2020-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை அதன் இயல்பு மாறவே இல்லை: பாரம் குறைவு, இருக்கை தாழ்வு, எஞ்சின் இதமானது. கைபிடி இரு பக்கமும் 51 பாகை திரும்பும். இதன் அருமை, நெடுந்தீவில் இரண்டு கல்வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கையில் வண்டியைத் திருப்பிப் பார்த்தவருக்குத் தெரியும். மணலில் விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம். உயரம் குறைந்தவர்களுக்கும், ஸ்கூட்டியில் வெளிக்களக் கடமைக்குப் போய் மழைக்காலத்தில் அல்லற்படும் குடும்பநல உத்தியோகத்தர்களான பெண்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது செரோவைத்தான். ஜெபலை விட நான் அதைப் பின்னுக்கு வைப்பதற்கு ஒரே காரணம் பெற்றோல் தாங்கி. 225-இல் அது 9 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. குடாநாட்டுக்குள்ளேயே ஓடுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சங்குப்பிட்டிப் பாலம் 2011-இல் திறந்த பிறகு பூநகரி, முழங்காவில் வழியாக மன்னார் வரை அடிக்கடி போகிறவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 250-இல் பிந்திய வண்டிகள் 2008 முதல் எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறியவை. காலையில் சோக் இழுக்காமல் உடனே தொடங்கும், ஆனால் பற்றரி இறந்தால் பெற்றோல் பம்பும் இறக்கும்.

ஹொண்டா எக்ஸ்.ஆர். 250-ஐயும் அதன் பெரிய இரட்டை விளக்கு வைத்த பாஜாவையும் விரும்பாதவர்களை நான் கண்டதில்லை. 1995-இல் வந்த இந்த வரிசையின் எஞ்சினில் நான்கு வால்வுகள். வலுவில் இந்த நான்கில் இதுவே முதலாவது. சொக்கும் நீளமானது. இரணைமடுக் குளக்கட்டிலும் மாங்குளம், ஒட்டுசுட்டான் காட்டு வழிகளிலும் இருவரோடு போக இதற்கு நிகர் இல்லை. ஆனால் இருக்கை 875 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது. மணலில் நின்று கால் ஊன்றும்போது நிலம் எங்கே என்று கால் தேடும்.

இந்த எஞ்சினின் ஒயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் ஒயில் வண்டியின் சட்டத்துக் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. வண்டி சில நாள் ஓடாமல் நின்றால் அது மெல்லக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது குளிர்ந்த எஞ்சினில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் இல்லாததுபோல் தெரியும். பதறிப்போய் மேலும் ஊற்றுவார்கள். அந்த மிகையான ஒயில் காற்று வடிகட்டியின் பெட்டிக்குள் கக்கும், புகையும் வரும், “ரிங் போய்விட்டது” என்று எஞ்சினைப் பிரிப்பார்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சற்றுப் பொறுத்து, கோலைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுத்துப் பார்ப்பதே முறை. இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. உண்மையாகவே ஒயில் குறைந்து ஓடிய வண்டியில் முதலில் தேய்வது, ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும் தலைப்பகுதிதான். விற்பவர் கடைசியாக எப்போது ஒயில் மாற்றினார் என்று கேட்கும்போது, எப்படி அளவு பார்ப்பார் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே வண்டியின் வரலாறு தெரிந்துவிடும்.

எக்ஸ்.ஆருக்கு உதிரிப்பாகம் வாங்கும்போது 250 என்ற எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். பிரேசிலில் செய்த எக்ஸ்.ஆர். 250 டொர்னாடோ இரட்டைக் கம் தண்டு கொண்ட வேறு எஞ்சின். எங்களிடம் ஓடும் ஜப்பான் வண்டியின் அடிச்சட்ட இலக்கம் எம்.டி. 30 என்று தொடங்கும். அதைச் சொல்லியே வாங்க வேண்டும்.

நான்காவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. இந்தியாவில் 2019-இல் வந்தது, 2021-இல் நான்கு வால்வு எஞ்சினும் சேர்ந்தது. முன்னால் 21 அங்குலச் சில்லு, பின்னால் 18. நிலத்திலிருந்து இடைவெளி 220 மில்லிமீற்றர். வட இந்திய மலை வீதிகளுக்கென்று நினைத்துச் செய்தாலும் எங்கள் மழைக்கால வெள்ளத்துக்கும் அந்த உயரம் உதவும். மற்ற மூன்றும் பெரும்பாலும் இருபது, முப்பது வருடப் பழசு. இது மட்டுமே புதியதாகவோ, ஒருவர் கை மட்டும் பட்டதாகவோ கிடைக்கக்கூடியது. மாதச் சம்பளத்தில் தவணைக்கு வாங்கி, காலையில் எட்டு மணிக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டியவருக்கு அது பெரிய விஷயம். பாரம்தான் எனக்கு உறுத்துகிறது: பெற்றோலோடு 157 கிலோகிராம் அளவில். ஜெபலின் விளம்பரத்தாளில் 108 கிலோகிராம் என்று இருக்கும். அது ஒயிலும் பெற்றோலும் இல்லாத வெறும் வண்டியின் பாரம், ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக்கூடாது. ஆனாலும் எல்லாம் நிரப்பிய பிறகும் முப்பது கிலோகிராம் அளவில் வித்தியாசம் நிற்கிறது. குடத்தனைக்கு அப்பால் மணலில் முன்சில்லு புதைந்து நிற்கும்போது அந்த முப்பது கிலோகிராம் என்னவென்று தோளுக்குத் தெரியும். தார் வீதியும் கிரவலும் பெரும்பங்கு, மணல் எப்போதாவது என்றால் எக்ஸ்பல்ஸ் நல்ல தெரிவு. மணலிலேயே பிழைப்பு என்றால் வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய ஜப்பான் ட்ரெயில் வண்டிகளுக்கு அவற்றின் வயதுக்குப் பொருந்தாத விலை ஏறிவிட்டது. விலை ஏறினால் துருவுக்கு மேல் பூசும் வர்ணமும் கூடும். அதனால் எந்த மாதிரி என்பதை விட, எந்த நிலையில் உள்ள வண்டி என்பதே பெரிது. நன்றாக வைத்திருந்த ஒரு செரோ, சீரழிந்த ஒரு எக்ஸ்.ஆரை விடப் பல மடங்கு மேல்.

பார்க்கப் போகும்போது, “நான் வரும்வரை எஞ்சினைத் தொடக்க வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கிய அந்த நொடியில் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வுச் சீல், வேகம் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் சிலிண்டரும்.

பிறகு பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டியின் பஞ்சு ஒயிலில் நனைந்து ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வண்டிகளில் அது காய்ந்து, கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிரும். பஞ்சை எடுத்துவிட்டு, காபரேற்றருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் வந்தால் நல்லது. அதை மறு விரலோடு சேர்த்துத் தேய்க்கும்போது நறநறவென்று மணல் உரசினால், அந்த மணல் ஏற்கெனவே சிலிண்டருக்குள் போய்வந்திருக்கிறது. புது வர்ணம், புது இருக்கை உறை எதையும் பார்க்க வேண்டாம், விடைபெற்று வாருங்கள்.

உப்பின் அடையாளங்கள் வேறு இடங்களில் இருக்கும். முன் ஃபோர்க் குழாயின் பளபளப்பில் ஊசி குத்தியதுபோல் துருப்புள்ளிகள் தெரிந்தால் சீல் எத்தனை முறை மாற்றினாலும் ஒயில் கசியும். சில்லுக் கம்பிகளை ஒரு ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரே ஓசை வர வேண்டும். மொட்டையாக ஒலிப்பது தளர்ந்தது அல்லது உள்ளே துருப்பிடித்தது. பின்சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சொக்கின் இணைப்புகளில் உள்ள நீடில் பெயாரிங்குகள் கிறீஸ் காணாமல் காய்ந்திருக்கின்றன. கடல்நீரேரிக்கரையில் ஓடிய வண்டிகளில் மிகச் சாதாரணமான பழுது இது. பெற்றோல் தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பதையும் விட்டுவிடக்கூடாது.

வாங்கிய பிறகு உப்பைத் தடுப்பது உங்கள் கையில். கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வீட்டுக் கிணறு உவராக இருந்தால் அதனால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குடிக்க எடுக்கும் நீரில் ஒரு வாளி போதும், செயினுக்கும் கம்பிகளுக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும்.

ரயரில் காற்றை மணலுக்குள் இறங்கும் முன் 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் வண்டி வேறு வண்டியாகிவிடும். தார் வீதிக்குத் திரும்பியதும் நிரப்ப ஒரு கைப்பம்பு வேண்டும். விடத்தல் முள்ளுக்கு எந்த ரயரும் தப்பாது. ஆகவே ஒரு 21 அங்குல ரியூப் பையில் இருக்கட்டும், அவசரத்துக்கு அதைப் பின்சில்லிலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம்.

கடைசியாக, வண்டியின் பதிவுப் புத்தகம். ஜப்பானிலிருந்து உதிரியாக வந்து இங்கே பொருத்தப்பட்டு, வேறொரு வண்டியின் இலக்கத்தில் ஓடும் ட்ரெயில் வண்டிகள் நாடு முழுவதும் உண்டு. கைபிடிக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை, அழுக்கைத் துடைத்து, எழுத்தெழுத்தாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. சுற்றிலும் அரம் போட்ட தடமோ, ஒட்டு வைத்த வெல்டிங்கோ, புத்தகத்தில் வேறு கொள்ளளவோ தெரிந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் வாங்காதீர்கள். காப்புறுதி இழப்பீடு கொடுக்க மறுக்கும், வீதிச் சோதனையில் வண்டி பறிபோகும், பெயர் மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். இலக்கங்கள் பொருந்தினால், முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரின் பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் பெயர் மாற்றாமல் கைமாறியிருந்தால், முதல் உரிமையாளரின் கையொப்பத்தோடு மாற்றப் பத்திரங்கள் வந்த பிறகே மீதிப் பணம்.